கதைக்களம், படப்பிடிப்பிடம், வரலாற்றிடம்: ‘கிங்டம்’ கொரியத் தொடரின் நிலங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 2019ஆம் ஆண்டு வெளியான ‘கிங்டம்’ என்னும் கொரியத் தொடர், ஜோசொன் அரசுக் காலத்தை நடைபிணக் கதையோடு இணைத்த படைப்பாகும். இத்தொடரைக் கண்டவர்கள் அதன் நிலங்களை நேரில் காணச் செல்வது இன்று திரைவழிச் சுற்றுலாவின் ஒரு பகுதியாக வளர்ந்துள்ளது. அவ்வாறு செல்பவர் காண்பது கதை நிகழ்ந்த இடமா, படம் பிடிக்கப்பட்ட இடமா, வரலாறு நிகழ்ந்த இடமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. முங்யொங் சேஜே மலைக்கணவாய், சாங்தொக்குங் அரண்மனை, தொங்நே கோட்டை, யோங்கின் படப்பிடிப்பு அரங்கம், பிதுல்கினாங் அருவி ஆகிய ஐந்து இடங்களைக் கொண்டு இம்மூன்றன் உறவை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கிங்டம், ஜோசொன், இம்ஜின் போர், முங்யொங் சேஜே, திரைவழிச் சுற்றுலா, மரபிடப் பாதுகாப்பு.

முன்னுரை

ஓர் இலக்கியத்திற்கு நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணத்தார் கொள்கை. காட்சி ஊடகத்திற்கும் இது பொருந்தும். ஆயினும், எழுத்திலக்கியத்தில் நிலம் சொல்லால் அமைகிறது. திரையில் அது கண்முன் உள்ள மண்ணாலும் மரத்தாலும் கல்லாலும் அமைய வேண்டியுள்ளது. எனவே திரைப்படைப்பு ஒவ்வொன்றும் தன் கதைநிலத்திற்கு ஈடாக ஒரு மெய்ந்நிலத்தைத் தேடிக்கொள்கிறது. இவ்விரண்டும் ஒன்றாக இருப்பது அரிது.

‘கிங்டம்’ தொடரின் திரைக்கதையை எழுதியவர் கிம் உன்-ஹீ. யாங் கியுங்-இல் ஓவியம் வரைய, இவர் எழுதிய ‘கடவுளரின் நாடு’ என்னும் படக்கதையே தொடரின் மூலம். ஆறு பகுதிகள் கொண்ட முதற்பருவம் 2019 சனவரி 25 அன்றும், அதே அளவிலான இரண்டாம் பருவம் 2020 மார்ச் 13 அன்றும் வெளியாயின. முதற்பருவத்தைக் கிம் சொங்-ஹூன் இயக்கினார். இரண்டாம் பருவத்தில் முதற்பகுதிக்குப் பிறகு பாக் இன்-ஜே இயக்கப் பொறுப்பை ஏற்றார். வடக்கெல்லையைக் களமாகக் கொண்ட சிறப்புப் பகுதி 2021 சூலையில் வெளிவந்தது.

கதைச்சுருக்கமும் நிலப்பரப்பும்

நோயுற்ற அரசரைக் காண எவருக்கும் அனுமதியில்லை. ஐயுற்ற பட்டத்து இளவரசர் லீ சாங், அரசருக்கு மருத்துவம் செய்தவரைத் தேடித் தலைநகர் ஹான்யாங்கிலிருந்து தென்கோடியிலுள்ள தொங்நேவுக்குச் செல்கிறார். அங்குள்ள மருத்துவமனையில் பசியால் வாடியவர்கள், தாம் உண்பது இன்னதென அறியாமலேயே, இறந்தவன் ஒருவனின் ஊனை உண்கின்றனர். அரண்மனையில் ஒருவரிடம் அடங்கியிருந்த நோய், அவ்வுணவின் வழியே கடியால் பரவும் கொள்ளைநோயாக மாறுகிறது. அரண்மனையில் அதிகாரப் பசியும் குடிசையில் வயிற்றுப் பசியும் என இருவகைப் பசிகளே கதையின் அடித்தளம்.

இக்கதை ஒரு பாதையின் மீது அமைந்தது. தென்கிழக்கிலுள்ள தொங்நேவில் தொடங்கும் நோய், சாங்ஜு வழியாக வடக்கே முங்யொங் சேஜேவை எட்டி, இறுதியில் ஹான்யாங் அரண்மனைக்குள் நுழைகிறது. தொங்நே இன்றைய புசான் நகரின் ஒரு பகுதி. ஹான்யாங் இன்றைய சியோல். இவ்விரண்டையும் இணைத்தது ஜோசொன் காலத்தின் யொங்நாம் பெருவழி. 1592இல் தொடங்கிய இம்ஜின் போரில் ஜப்பானியப் படைகள் தலைநகர் நோக்கி முன்னேறிய வழிகளுள் இதுவும் ஒன்று. ஆகவே தொடரில் நடைபிணங்கள் செல்லும் வழி, வரலாற்றில் படையெடுப்பு வந்த வழியாகும். போரின் பின்விளைவுகள் கதைமாந்தர் நினைவில் இன்னும் ஆறாத காலத்தில் கதை நிகழ்வதால், இப்பொருத்தம் தற்செயலானதாகத் தோன்றவில்லை.

முங்யொங் சேஜே: மூன்றும் ஒன்றும் இடம்

கதைக்களம், படப்பிடிப்பிடம், வரலாற்றிடம் ஆகிய மூன்றும் ஒரே நிலத்தில் கூடுவது முங்யொங் சேஜேவில் மட்டுமே. ‘சேஜே’ என்னும் பெயருக்குப் பறவையும் கடக்க அரிய கணவாய் என்று பொதுவாகப் பொருள் கூறுவர். ஏறத்தாழ 640 மீட்டர் உயரமுள்ள இக்கணவாய், தென்கிழக்கு மாகாணமான கியொங்சாங்கை நாட்டின் நடுப்பகுதியோடு இணைக்கிறது. அரசுத் தேர்வு எழுதத் தலைநகர் சென்ற மாணவர் இவ்வழியையே விரும்பினர் என்பது மரபு. ‘முங்யொங்’ என்பதற்கு நற்செய்தி கேட்டல் என்று பொருள் கொள்ள இடமிருந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

1592இல் தளபதி சின் ரிப் இக்கணவாயில் பகைவரைத் தடுக்காமல், குதிரைப்படைக்கு ஏற்றதெனக் கருதிச் சுங்ஜு அருகிலுள்ள தான்கும்தேவில் ஆற்றைப் பின்னால் வைத்துப் போரிட்டார். அவருடைய படை அழிந்தது, அவரும் உயிர்நீத்தார். சில நாள்களில் தலைநகர் வீழ்ந்தது. தடுக்கத்தக்க இடத்தில் தடுக்காமல் விட்டோம் என்னும் வருத்தம் கொரியர் நினைவில் நிலைத்துவிட்டது. இன்று இரண்டாம் வாயில் எனப்படும் ஜோகொக்க்வான், போர் முடியும் முன்பே 1594இல் எழுப்பப்பட்டது. முதல் வாயிலான ஜூஹுல்க்வானும் மூன்றாம் வாயிலான ஜோர்யொங்க்வானும் 1708இல்தான் அமைந்தன.

தொடரில் இக்கணவாய்க்குக் கிடைக்கும் பங்கை இப்பின்னணியில் நோக்க வேண்டும். தலைமை அமைச்சர் சோ ஹாக்-ஜு, நோய் பரவிய கியொங்சாங் மாகாணத்தைக் கைவிட்டு, முங்யொங் சேஜேவை அடைக்க ஆணையிடுகிறார். வரலாற்றில் பகைவருக்கு அடைக்கத் தவறிய வாயில், கதையில் சொந்தக் குடிகளுக்கு அடைக்கப்படுகிறது. இரண்டாம் பருவத்தில் இளவரசர், நடைபிணமாகிவிட்ட தன் தந்தையை எதிர்கொண்டு வீழ்த்துவதும் இங்கேதான். எனவே இக்கணவாயைக் காட்சிக்கு அழகு சேர்க்கும் பின்புலமாக மட்டும் கொள்ள இயலாது; யாரைக் காக்க வேண்டும், யாரைக் கைவிடலாம் என்று அரசு முடிவுசெய்யும் எல்லைக்கோடு அது. உலக நலவாழ்வு நிறுவனம் கோவிட் பரவலைப் பெருந்தொற்றாக அறிவித்தது 2020 மார்ச் 11. இரண்டாம் பருவம் வெளியானது அதற்கு இரண்டு நாள் கழித்து. நாடுகள் தம் எல்லைகளை அடைத்துக்கொண்டிருந்த அந்நாள்களில் இக்காட்சிகளைக் கண்டோர்க்கு அவை வெறும் புனைவாகத் தோன்றியிரா.

முதல் வாயிலைக் கடந்ததும் திறந்தவெளிப் படப்பிடிப்பு அரங்கம் ஒன்று உள்ளது. 2000ஆம் ஆண்டு கேபிஎஸ் நிறுவனத்தின் ‘தேஜோ வாங் கொன்’ தொடருக்காக அமைக்கப்பட்ட இது, 2008இல் ‘மாமன்னர் சேஜோங்’ தொடருக்காக ஜோசொன் காலத் தோற்றத்தில் மாற்றி எழுப்பப்பட்டது. ‘கிங்டம்’ தொடரின் காட்சிகளும் இங்கே எடுக்கப்பட்டன. இங்கே நிற்பவை முங்யொங்கின் கட்டடங்கள் அல்ல. ஹான்யாங்கின் குவாங்ஹ்வாமுன் வாயிலும் கியொங்பொக்குங் அரண்மனைக் கட்டடங்களும் ஆகும். தலைநகரை நோக்கிச் செல்வோரைத் தடுக்கும் கணவாயின் உள்ளேயே தலைநகரின் மாதிரி நிற்கிறது என்னும் முரணை, கதையை அறிந்த பயணியே உணர முடியும்.

முதல் வாயிலிலிருந்து மூன்றாம் வாயில் வரை ஏறத்தாழ 6.5 கிலோமீட்டர் மண்பாதை உண்டு. பயணியர் அரங்கத்தோடு நின்றுவிடாமல் இப்பாதையை நடந்து முடிப்பது பயனுடையது. பாதையின் இருபுறமும் மலை நெருங்கி வருவதைக் கண்டபின், சிறுபடை ஒன்று பெரும்படையை இங்கே தடுத்திருக்கக்கூடும் என்னும் வாதம் எளிதில் விளங்கும்.

சாங்தொக்குங்: மெய்யான நிலம், மாறிய பொழுது

அரண்மனைக் காட்சிகளோடு தொடர்புடைய இடமாகச் சியோலின் சாங்தொக்குங் அரண்மனையும் அதன் பின்தோட்டமும் குறிக்கப்படுகின்றன. 1405இல் கட்டப்பெற்ற இவ்வரண்மனை 1997இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் இடம்பெற்றது. பின்தோட்டத்தின் புயோங்ஜி குளம் சதுரத்தை ஒத்த வடிவுடையது. அதன் நடுவே வட்டமான தீவு அமைந்துள்ளது. வானம் வட்டம், நிலம் சதுரம் என்னும் கிழக்காசிய உலகநோக்கின் வெளிப்பாடு இது.

இங்கு ஆய்வாளர் கவனிக்க வேண்டிய காலமுரண் ஒன்று உண்டு. கதை இம்ஜின் போருக்குச் சில ஆண்டுகள் பிந்தியது. ஆனால் 1592இல் தலைநகரின் அரண்மனைகள் யாவும் எரிந்துபோயின. திரும்பி வந்த சொன்ஜோ அரசர், அரசக் குடும்பத்தார் ஒருவரின் பழைய மாளிகையையே தற்காலிக அரண்மனையாகக் கொண்டார். அதுவே பிற்காலத்தில் தொக்சுகுங் ஆயிற்று. சாங்தொக்குங் மீண்டும் எழுந்தது 1610ஆம் ஆண்டளவில்தான். குளக்கரையில் உயர்ந்து நிற்கும் ஜுஹாம்னு மாடம் 1776இல் அமைந்தது. எனவே போர் முடிந்த சில ஆண்டுகளில், தொடரில் காணும் முழுப்பொலிவுடைய அரண்மனை ஹான்யாங்கில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இதனைப் படைப்பின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. தொடர் எந்த வரலாற்று அரசரையும் பெயர் சுட்டவில்லை, ஆண்டையும் வரையறுக்கவில்லை. நிலத்தை வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டு பொழுதைப் புனைந்துகொண்டது எனலாம். வெளியே மக்கள் பட்டினியால் மடிய, உள்ளே மாசற்ற அரண்மனை ஒளிர்கிறது என்னும் கருத்துக்கு எரியாத அரண்மனை தேவைப்பட்டது. ஆனால் நேரில் செல்லும் பயணி இம்மாற்றத்தை அறியாவிடில், புனைவின் காலத்தையே வரலாற்றுக் காலமாக எண்ணிவிடுவார்.

இரண்டாம் பருவத்தின் உச்சக்காட்சி பின்தோட்டத்து உறைகுளத்தின் மீது நிகழ்கிறது. நோயைத் தரும் புழுக்கள் நீரில் உடலைவிட்டு வெளியேறும் என்பதை மருத்துவப் பெண் சொ-பி கண்டறிகிறாள். நடைபிணங்களைப் பனிக்கட்டியின் மேல் ஈர்த்து அதனை உடைப்பதே இளவரசரின் திட்டம். இத்தகைய காட்சி பாதுகாக்கப்பட்ட மரபிடத்தில் எடுக்கத்தக்கதன்று. இன்று அத்தோட்டத்துள் குறித்த நேரத்தில், குறித்த எண்ணிக்கையில் மட்டுமே நுழையலாம் என்னும் வழக்கம் நிலவுவதே இதனை உணர்த்தும்.

தொங்நே: திரையில் காணாத இறப்புகள்

நோய் முதலில் வெடிக்கும் தொங்நே, படப்பிடிப்பிடமாக அன்றிக் கதைக்களமாகவும் வரலாற்றிடமாகவும் சிறப்புப் பெறுகிறது. தொடரில் இங்குள்ள உயர்குடியினர், இருந்த ஒரே கப்பலில் ஏறித் தப்புகின்றனர். எளியோர் கரையில் விடப்படுகின்றனர். பெற்றோர் தந்த உடலைச் சிதைக்கலாகாது என்னும் கன்பூசிய அறத்தைக் காட்டி உயர்குடியினர் தம் உறவினரின் பிணங்களை எரிக்க மறுப்பதும் நோய் பெருகக் காரணமாகிறது.

வரலாற்றில் தொங்நே கோட்டை 1592இல் முற்றுகைக்குள்ளானது. ஆட்சியர் சொங் சாங்-ஹியொன் கோட்டையை விட்டு நீங்காமல் இறந்தார். 2005இல் புசான் மெட்ரோவின் நான்காம் தடத்துக்காகச் சுவான் நிலையப் பகுதியைத் தோண்டியபோது, கோட்டை அகழியும் அதனுள் மனித எலும்புகளும் போர்க்கருவிகளும் வெளிப்பட்டன. எலும்புகள் சிலவற்றில் வன்முறையால் இறந்ததற்கான காயத்தடங்கள் இருந்தன. இப்போது அந்நிலையத்தின் உள்ளேயே வரலாற்றுக் காட்சியகம் ஒன்று இயங்குகிறது. தொடர்வண்டிக்குச் செல்வோர் அகழியின் பகுதியைக் கடந்தே செல்கின்றனர்.

‘கிங்டம்’ தொடர்பான பயணத்தில் இந்நிலையத்தைச் சேர்ப்போர் குறைவே. ஆயினும், தொங்நே மக்கள் ஒரே நாளில் பேரளவில் இறந்தனர் என்னும் கதைநிகழ்வுக்கு மண்ணில் உள்ள சான்று இதுவே. இங்கே வந்து நிற்பவருக்கு நடைபிணக் கதை ஒரு விளையாட்டாகத் தோன்றாது.

யோங்கினும் பிதுல்கினாங்கும்: படப்பிடிப்பிடம் மட்டுமே ஆனவை

கியொங்கி மாகாணத்தின் யோங்கினில் எம்பிசி நிறுவனம் அமைத்த அரங்கம் ‘தே ஜாங்கும்’ பூங்கா எனப்படுகிறது. வரலாற்றுத் தொடர்கள் பலவற்றுக்குப் பயன்பட்ட இவ்வரங்கத்தில் ‘கிங்டம்’ காட்சிகளும் எடுக்கப்பட்டன. ஒரே தெரு ஒரு தொடரில் ஷில்லா நாட்டு வீதியாகவும் மற்றொன்றில் ஜோசொன் வீதியாகவும் ஆகும். இத்தகைய இடத்திற்குச் சொந்த வரலாறு இல்லை. இதுவரை எடுத்த தொடர்களின் வரலாறே அதன் வரலாறு.

போச்சொன் நகரைச் சேர்ந்த பிதுல்கினாங் அருவி இதற்கு நேர்மாறானது. ஹான்தான் ஆற்றுப் பகுதியில் எரிமலைக் குழம்பு குளிர்ந்து உண்டான எரிமலைப்பாறைத் தூண்கள் இங்கே காணப்படுகின்றன. 2012இல் இயற்கை நினைவிடமாக அறிவிக்கப்பட்ட இது, 2020இல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்கா ஏற்புப் பெற்ற ஹான்தான் ஆற்றுப் பகுதியினுள் அடங்கும். புறாக்கள் தங்கிய பள்ளம் என்பது பெயரின் பொருள். மனித வரலாற்றைவிட மிகப் பழமையான இப்பள்ளத்தாக்கு, பல தொடர்களில் பெயரற்ற காடாகவும் மறைவிடமாகவும் வந்துபோகிறது. யோங்கினுக்குத் தன் பழமை இல்லாததால் எக்காலத்தையும் ஏற்கிறது. பிதுல்கினாங் காலங்கடந்த பழமை உடையதால் எக்காலத்துக்கும் பொருந்துகிறது.

பயணமும் பாதுகாப்பும்

திரைவழிச் சுற்றுலா ஊர்களுக்கு வருவாய் தருவது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் முங்யொங் போன்ற ஊர்களுக்கு அதன் தேவை கூடியது. ஆயினும் மெய்யான மரபிடத்தைப் படப்பிடிப்புக்கு விடுவதில் ஆபத்தும் உண்டு. 2024 டிசம்பர் இறுதியில், ஆந்தொங் பகுதியிலுள்ள உலக மரபிடமான பியொங்சான் சொவொன் கல்விக்கழகத்தின் மரத்தூண்களில் ஒரு தொடரின் படப்பிடிப்புக் குழுவினர் விளக்குகளைத் தொங்கவிட ஆணி அறைந்தனர். செய்தி வெளியானதும் கடும் எதிர்ப்பு எழ, தயாரிப்புத் தரப்பு மன்னிப்புக் கோரியது. ‘கிங்டம்’ இதனோடு தொடர்புடையதன்று. எனினும், செயற்கை அரங்கங்களின் தேவையை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது. மெய்யானது அல்ல என்று அரங்கத்தை இகழ்வோர், அவ்வரங்கமே மெய்யானதைக் காக்கிறது என்பதை மறக்கலாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. ‘கிங்டம்’ தொடரில் நோய் பரவும் வழி, இம்ஜின் போரின் படையெடுப்பு வழியோடு ஒத்தது. நிலத்தின் நினைவு கதையின் கட்டமைப்பாகியுள்ளது.

2. முங்யொங் சேஜேவில் மூவகை இடங்களும் கூடுகின்றன. தொங்நேவில் கதையும் வரலாறும் உள்ளன. யோங்கினும் பிதுல்கினாங்கும் படப்பிடிப்பிடங்கள் மட்டுமே. சாங்தொக்குங்கில் நிலம் ஒத்து, பொழுது வேறுபடுகிறது.

3. படப்பிடிப்பிடத்தை மட்டும் காண்பவர், எங்கே ஒளிப்படக்கருவி நின்றது என்பதை அறிகிறார். வரலாற்றிடத்தையும் சேர்த்துக் காண்பவர், இக்கதை ஏன் இந்நிலத்தில் பிறந்தது என்பதையும் அறிகிறார்.

4. ஊர்களின் சுற்றுலாக் குறிப்புகள் இம்மூவகை வேறுபாட்டைப் பயணிக்கு உணர்த்துமாறு அமைய வேண்டும். வாயில் எந்த ஆண்டில் எழுந்தது, அரங்கம் எந்த ஆண்டில் எழுந்தது என்னும் இரு தகவல்களை அருகருகே தருவதே இதற்குப் போதுமானது.

நடைபிணம் என்பது இறந்தும் அடங்காத உடல். அதைப் போலவே, முடிந்தும் அடங்காத போரின் நினைவைத் தொங்நே முதல் ஹான்யாங் வரையுள்ள இவ்வழி தாங்கி நிற்கிறது. அந்நினைவை அறிந்து நடப்பதே இப்பயணத்தின் பயன்.