சேராபீனும் போர்க்கலமும்

‘சேராபீன்’ என்றவுடன் ஏசாயா 6ஆம் அதிகாரமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் சபை வாலிபர் சிலருக்கு ‘சேராஃப்’ என்பது ஒரு போர்க்கலத்தின் பெயர். 2001ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஹேலோ’ என்னும் வீடியோ விளையாட்டுத் தொடரில் வரும் சிறிய விண்கலம் அது. பரிசுத்தமான பெயரை அழிவின் கருவி ஏற்றதேன் என்பது ஆராயத்தக்கது.

1. கதையும் பெயரும்

கதையின்படி, கி.பி. 2525இல் வேற்றுலக இனங்கள் பல சேர்ந்த ‘உடன்படிக்கை’ என்னும் சமயப் பேரரசு மனுக்குலத்தின்மேல் படையெடுக்கிறது. அப்படையின் பெருங்கப்பல்களினின்று புறப்படும் சேராஃப், நீர்த்துளி வடிவமுடையது. கண்ணுக்குப் புலப்படாத கேடயம் அதைச் சூழ்ந்திருக்கும். எரியும் பிளாஸ்மாவை அது உமிழும். 2010இல் வெளிவந்த ‘ஹேலோ: ரீச்’ என்னும் பகுதியில் ஆடுவோர் இதனோடு விண்வெளியில் போர்புரிகின்றனர். இப்பெயரைச் சூட்டியவர்கள் படையெடுத்தவர்கள் அல்லர். தாக்கப்பட்ட மனிதரே என்பது கவனிக்கத்தக்கது.

2. திருமறையில் இச்சொல்

எபிரேயத்தில் ‘சாராப்’ என்னும் வினைச்சொல்லுக்கு எரித்தல் என்பது பொருள். எண்ணாகமம் 21:6இல் வரும் கொள்ளிவாய்ச் சர்ப்பங்களும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. ஏசாயா 14:29, 30:6 ஆகிய வசனங்களில் அது பறக்கும் சர்ப்பமாகிறது. ஆகவே அச்சம் இச்சொல்லுக்குப் புதியதன்று.

ஆயினும் ஏசாயா 6இல் அந்த நெருப்பு திசைமாறுகிறது. சேராபீன் இரண்டு செட்டைகளால் முகத்தையும் இரண்டால் கால்களையும் மூடுகிறான். பறப்பதற்கு எஞ்சுபவை இரண்டே. பணிவுக்குப் பின்னரே பணி. பலிபீடத்து நெருப்புத்தழல் பகைவர்மேல் வீசப்படவில்லை. தீர்க்கதரிசியின் உதடுகளையே தொடுகிறது. சுத்திகரிக்கப்பட்ட பின்னரே அவன் அனுப்பப்படுகிறான். அனுப்பப்படுவதும் வாளோடன்று, வார்த்தையோடு.

3. நெருப்புத் தொடாத உதடுகள்

கதையில் வரும் பேரரசின் தலைவர்களும் ‘தீர்க்கதரிசிகள்’ என்றே அழைக்கப்படுகின்றனர். அவர்களில் முதன்மையான மூவரின் பெயர்கள் சத்தியம், மனஸ்தாபம், இரக்கம். மறைந்துபோன பழைய இனம் ஒன்றை இப்பேரரசார் தெய்வமாக வணங்குகின்றனர். அவ்வினம் விட்டுச்சென்ற மாபெரும் வளையங்களை இயக்கினால் தெய்வநிலை கிட்டும் என்பது இவர்களது போதனை. உண்மையிலோ அவ்வளையங்கள் அறிவுள்ள உயிர்கள் யாவற்றையும் அழிப்பவை. அப்பழைய இனத்தின் வாரிசுகள் மனிதரே என்பதை அம்மூவரும் அறிந்து, அதை மறைக்கவே போரைத் தொடங்கினர் என்று 2007இல் வந்த ‘கான்டாக்ட் ஹார்வெஸ்ட்’ என்னும் புதினம் கூறுகிறது. சத்தியம் என்னும் பெயருடையவனே சத்தியத்தை மறைக்கிறான்!

சேராஃபைச் செலுத்தும் வீரரோ வஞ்சகர் அல்லர், மெய்யாகவே நம்புகிறவர்கள். 2004இல் வெளியான ‘ஹேலோ 2’ பகுதியில் தலைவர்களால் கைவிடப்பட்டு, அவ்வினத்தார் பேரரசினின்று பிரிகின்றனர். பொய்ப்போதனையின் முழு விலையையும் செலுத்துகிறவர்கள் இரு சாரார்: தாக்கப்படுகிறவர்களும், நம்பிக்கையோடு தாக்குகிறவர்களும்.

4. நமக்குரிய பாடம்

இது விசுவாசத்தைப் பழிக்கும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் 1095இல் கிளர்மாண்ட் நகரில் போப்பு இரண்டாம் ஊர்பன் விடுத்த அழைப்பையும், 1099இல் எருசலேமில் சிந்தப்பட்ட இரத்தத்தையும் அறிந்த திருச்சபை அவ்வாறு ஒதுக்க இயலாது. சிலுவையை உடையில் தைத்துச் சென்றவர்களிலும் உண்மையாய் நம்பியவர்கள் இருந்தனர். அவர்களை ஏவிய பிரசங்கம் எத்தகையது என்பதே கேள்வி.

ஆகவே வாலிபர் வேதபாட வகுப்பில் இவ்விளையாட்டைப்பற்றிப் பேச்சு எழுந்தால் கடிந்துகொள்ளாது, ஏசாயா 6ஐத் திறந்து இரு சேராபீன்களையும் ஒப்பிட்டுக் காட்டுவோமாக. ஒன்று தன் முகத்தை மூடுகிறது. மற்றது கேடயத்தால் தன்னை மூடிக்கொள்கிறது. ஒன்றின் நெருப்பு பேசுகிறவனைச் சுத்திகரிக்கிறது. மற்றதன் நெருப்பு கேளாதவனைச் சுட்டெரிக்கிறது. பிரசங்கபீடத்தில் ஏறும் நாமும், பிறரது பாவத்தைப்பற்றி வாய்திறக்குமுன், அத்தழல் நம் உதடுகளைத் தொட்டதோ என்று நம்மையே சோதித்தறிவோமாக.