70 வளைவுக்கும் ஒரே மெட்டு... கொல்லிமலை ரெட்ரோ கேம் ஆனால் இசை எப்படி இருக்கும்?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இதைப் பழைய டி.வி வீடியோ கேம் பாணியில் ஒரு பஸ் பந்தயமாக்க யாராவது உட்கார்ந்தால், படம் எளிதாக அமைந்துவிடும். கட்டம் கட்டமாகப் பச்சை, நடுவே ஒரு பஸ். இசையில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஏனென்றால், அந்தக் கால கேம் இசை என்பது ஸ்டூடியோவில் பாடிப் பதிந்த பாட்டு அல்ல. பெட்டிக்குள் இருக்கும் சிப் அந்த நேரத்திலேயே வாசிப்பது. 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமில் (90-களில் நம் வீடுகளில் கேசட் செருகி விளையாடியதில் பல அதன் நகல்கள்தான்) ஒலிக்கு இருந்தவை ஐந்தே தடங்கள். இரண்டில் ‘கீ கீ’ என்று மெட்டு, ஒன்றில் பேஸ், ஒன்றில் வெறும் ‘உஷ்’ இரைச்சல், மிச்சம் ஒன்றில் சின்னச் சின்ன ஒலித்துண்டுகள். அந்த ‘உஷ்’ஷை நறுக்கி நறுக்கி வைத்தால் டிரம்ஸ்!

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸுக்கு கோஜி கோண்டோ போட்ட மெட்டு இன்றும் பலருக்கு மனப்பாடம். இசை, படம், விளையாட்டு எல்லாம் சேர்த்து அந்த கேமின் மொத்த அளவு 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படமே பெரும்பாலும் அதைவிடப் பெரியது.

ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். மூன்று ஸ்வரங்கள் சேர்ந்த கார்டு வேண்டுமா? மூன்றையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். காது ஏமாந்து, மூன்றும் ஒன்றாகக் கேட்பதாக நினைத்துக்கொள்ளும். ரெட்ரோ கேம்களில் கேட்கும் அந்த உருளும் ஒலி இப்படிப் பிறந்ததுதான். 2014-ல் வந்த ‘ஷவல் நைட்’ கேமுக்கு இசையமைத்த ஜேக் காஃப்மன், நவீன வசதி அத்தனையும் இருந்தும் அந்தப் பழைய சிப்பின் வழியிலேயே மெட்டுப் போட்டார்.

அடுத்த சிக்கல், முடிவு. விளையாடுபவர் 40-வது வளைவில் அரைமணி நேரம் சிக்கிக் கிடக்கலாம். மெட்டு சுற்றிச் சுற்றி வர வேண்டும், அலுக்கவும் கூடாது. கம்பீரமாக முடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கி விழும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் பழக்கம் நமக்கு இங்கே கைகொடுக்கும். இன்னொரு சௌகரியமும் உண்டு. பியானோவில் வராத கமகம் இந்தச் சிப்பில் வரும். ஸ்வரத்தை வழுக்கவும் அசைக்கவும் தனிக் கட்டளைகள் இருக்கின்றன.

சரி, தமிழர்களுக்கு ‘பழைய ஒலி’ என்றால் இந்த ‘கீ கீ’ மட்டும்தானா?

2023 ஜூலை 31-ல் வெளியான ‘வெண்பா’ வேறு பதில் சொன்னது. கனடாவின் டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் உருவாக்கியது. ‘கீ கீ’ இசை இதில் இல்லை. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகியோரின் கதை. விளையாட்டு என்பது சமையல்தான், இட்லியில் தொடங்குகிறது.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அந்தந்தக் காலத் தென்னிந்தியத் திரையிசையின் சாயலில் இசை. பழைய பாடல்களை எடுத்துப் போடவில்லை. இசையமைப்பாளர் ஆல்ஃபா சம்திங் புதிதாகவே உருவாக்கினார். இது எளிய வேலையல்ல. தமிழ் தெரியாதவருக்கு அது ஓர் இனிய பின்னணி. நம் வீட்டு மனிதர்களோ, நாலு வினாடி கேட்டதும் எந்தக் காலத்துப் பாட்டு என்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பிசகினாலும் பொய் வெளிப்பட்டுவிடும்.

கதைக்கு அந்த நம்பகம் தேவைப்பட்டது. வருடங்கள் ஓட ஓட வீட்டில் தமிழ் தேய்கிறது. வளர்ந்த கவின், அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டைப் படிக்கவே திணறுகிறான். அவனிடமிருந்து நழுவிக்கொண்டிருக்கும் மொழியைப் பின்னணி இசை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும், இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதன்மை விருதும் வெண்பாவுக்கே.

ஆக, கொல்லிமலை பஸ்ஸுக்கு மெட்டுப் போடுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தப் பழமை என்பதை. டி.வி கேம் பெட்டியின் பழமையா, டிரைவர் சீட்டுக்கு மேலே ஓடிய டேப் ரெக்கார்டரின் பழமையா? இரண்டையும் சேர்க்கவும் வழியிருக்கிறது. தேய்ந்த கேசட் நடுவில் ‘ஊ...ங்’ என்று இழுக்குமே, அதைக்கூட கமகத்துக்கு உதவும் அதே கட்டளையில் கொண்டுவந்துவிடலாம்.