குழாயைத் திறந்தும் பீர் தொட்டியில் சாறு இறங்காதது ஏன்?

காபி ஃபில்டரில் பொடி ரொம்ப நைஸாக இருந்தால் டிகாஷன் இறங்காது. மேல் அடுக்கில் வெந்நீர் அப்படியே நிற்கும், கீழே ஒன்றும் விழாது. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கு வரும் பெரிய தலைவலியும் கிட்டத்தட்ட இதேதான். ஊறவைத்த தானியத்திலிருந்து சாறு வடிந்துகொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடும். இதை அவர்கள் ‘ஸ்டக் ஸ்பார்ஜ்’ என்கிறார்கள்.

வீட்டில் பீர் தயாரிக்க அங்கே அனுமதி உண்டா?

உண்டு. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979-ல் அமலுக்கு வந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான், விற்கக் கூடாது. பெரியவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை தயாரிக்கலாம். மாநில அளவில் கடைசியாக அனுமதி தந்தவை அலபாமாவும் மிசிசிப்பியும். அது நடந்தது 2013-ல். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். தானியத்தில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். அந்த இனிப்புச் சாற்றை வடித்துக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்த்தால் பீர்.

ஊறவைக்கப் பலர் பயன்படுத்துவது, பிக்னிக் போகும்போது ஐஸ் போட்டு எடுத்துச் செல்லும் பிளாஸ்டிக் பெட்டி. சூடு ஆறாது என்பதால் அதில் ஒரு வால்வைப் பொருத்தி, உள்ளே சல்லடைத் தட்டு அல்லது எஃகு வலைக்குழாய் ஒன்றை வைத்துவிடுவார்கள். தொட்டி ரெடி.

சல்லடைதானே வடிகட்டுகிறது?

இல்லை. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். சல்லடையின் வேலை தானியத்தைத் தாங்கிப் பிடிப்பது மட்டும்தான். உண்மையில் வடிகட்டுவது பார்லியின் உமி. உமி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு படுகையாகிவிடும். அதன் இடுக்குகள் வழியாகத்தான் சாறு இறங்குகிறது. இடுக்கு அடைபட்டால் குழாயை எவ்வளவு திறந்தாலும் பிரயோஜனம் இல்லை.

மணல் படுகை வழியாகத் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதை பிரான்ஸின் டிஜோன் நகரப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-ல் விளக்கினார். அழுத்தம் கூடினால் ஓட்டமும் கூடும், திரவம் கெட்டியாக இருந்தால் ஓட்டம் குறையும். ஆனால் மணல் நசுங்காது, உமி நசுங்கும். வால்வை ஒரேயடியாகத் திறந்தால் படுகை கீழ்நோக்கி இழுபட்டு இறுகும். நைஸான மாவு இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டால் ஓட்டம் நிற்பது இதனால்தான். நின்றபின் நேரம் ஆக ஆகச் சாறு ஆறும். ஆறினால் இன்னும் கெட்டியாகும், இன்னும் இறங்காது. 4, 5 கிலோ மால்ட்டின் சர்க்கரை தொட்டியிலேயே தங்கிவிடும்.

கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிற்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும்.

• ஆரம்பத்திலிருந்தே சொட்டு சொட்டாக வந்தால், பெரும்பாலும் கருவியில் கோளாறு. சூட்டில் இளகிய பிளாஸ்டிக் ட்யூப் மடங்கியிருக்கலாம். தானியத்தின் எடையில் வலைக்குழாய் சப்பையாகியிருக்கலாம். சல்லடைத் தட்டு மிதந்து, அடியில் தானியம் புகுந்திருக்கலாம்.

• நன்றாக ஓடி, படிப்படியாகக் குறைந்து நின்றால், படுகை இறுகிவிட்டது.

• கடைசி 2, 3 லிட்டர் மட்டும் வராமல், ட்யூபில் காற்றுக்குமிழ் தெரிந்தால், ஏதோ ஓர் இணைப்பில் காற்று புகுகிறது. சைஃபன் அறுந்துவிட்டது. கிளாம்பை இறுக்கினால் போதும்.

அடைச்சுக்கிட்டா என்ன செய்கிறார்கள்?

முதலில் வால்வை மூடுவார்கள். வெளி ட்யூபைக் கழற்றிப் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தால், சுமார் 76 டிகிரி வெந்நீர் கொஞ்சம் சேர்த்து அடிவரை கிளறுவார்கள். அதைவிடச் சூடான நீர் ஆகாது. உமியின் துவர்ப்பு சாற்றில் இறங்கிவிடும். பிறகு 10 நிமிடம் அசையாமல் விட்டால் படுகை மறுபடி படியும். வால்வை லேசாகத் திறந்து, முதலில் வரும் கலங்கல் சாற்றைப் பிடித்து மெதுவாக மேலேயே ஊற்றுவார்கள். தெளிந்த பிறகுதான் சேகரிப்பு. நிமிடத்துக்கு 1 லிட்டர் போதும்.

ட்யூபில் வாய் வைத்து ஊதி அடைப்பெடுப்பது மட்டும் கூடவே கூடாது. உள்ளே இருப்பது தோலைப் பொசுக்கும் சூட்டில் உள்ள சாறு.

வராமலே தடுக்க முடியாதா?

முடியும். மால்ட்டை மாவாக அரைக்காமல், உமி முழுசாக இருக்கும்படி உடைக்க வேண்டும். அரவை உருளைகளுக்கு இடையே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது வழக்கம். தானியத்தைக் கொட்டும் முன், சல்லடை மூழ்கும்வரை வெந்நீர் ஊற்றிவிட வேண்டும். வலைக்குழாய் நசுங்காமல் இருக்க, உள்ளே சுருள் கம்பி ஒன்றை நுழைத்துவிடலாம்.

கோதுமை, ரை சேர்க்கும்போது சிக்கல் கூடும். அவற்றுக்கு உமி கிடையாது, பிசுபிசுப்பும் அதிகம். அதற்கு அமெரிக்கக் கடைகளில் தனியாக ஒரு பொருள் விற்கிறார்கள். வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் ரைஸ் மில் வாசலில் குவிந்து கிடக்கும் நெல் உமிதான். சுத்தம் செய்து பையில் அடைத்துத் தருகிறார்கள். தானிய எடையில் 5 சதவீதம் கலந்தாலே படுகை இளகி வழிவிடும்.

புதிய தொட்டி என்றால் இன்னொன்றும் செய்யலாம். தானியம் போடும் முன் வெறும் தண்ணீரை நிரப்பி வடித்துப் பார்க்க வேண்டும். அடியில் எவ்வளவு மிஞ்சுகிறது, எங்கே காற்று புகுகிறது என்பது தெரிந்துவிடும். வெறும் தண்ணீரே சரியாக வடியாத தொட்டியில், தானியம் போட்ட பிறகு எதுவும் வடியாது.