உள்ளூராட்சி உறுப்பினரும் காலநிலை மாற்றமும்

காலநிலை மாற்றம் உலக மாநாடுகளுக்குரிய பொருளாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயின், மழைநீர் வடிகாலும் சிறு வீதியும் கட்டட அனுமதியும் உள்ளூராட்சி மன்றங்களோடு தொடர்புடையவை என்பதை நாம் மறத்தலாகாது. தாழ்நிலமொன்றை நிரப்பிக் கட்டடம் எழுப்ப அனுமதிக்கும்போதே அயற்கிராமத்தின் வெள்ளமும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

இலங்கையில் இப்பொறுப்புக்கு ஈடான அதிகாரம் உறுப்பினருக்கு வாய்க்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள் ஆகியவற்றின் நிருவாகத்தையே முதன்மையாக வழங்கியது. பிரகடனப்படுத்தப்பட்ட நகரப் பகுதிகளின் அபிவிருத்தித் திட்டங்களை வகுப்பது, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபையாகும். தனியார் பேருந்துகளின் வழி அனுமதியோ மாகாண, மத்திய நிறுவனங்களின் கையில் உள்ளது.

மேலும், 2023 மார்ச்சில் மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்றபின், 2025 மே 6 வரை தேர்தல் நடைபெறவில்லை. இடைக்காலத்தில் அலுவலரே நிருவகித்தனர். வடிகால் குறித்து மக்கள் வினவுதற்குப் பிரதிநிதி இருக்கவில்லை.

திட்டம் வரையப்படும் நிலையிலேயே உறுப்பினர் கருத்துரைக்கச் சட்டம் இடமளித்தல் வேண்டும் என்பதே நமது துணிபு. வரைந்து முடித்த திட்டத்துக்கு இசைவு கோருதல் கலந்தாலோசனை ஆகாது.