உஷார்! டிரம்பெட் சொல்லித்தரும் போனில்தான் தறிக்கூலியும் இருக்கிறது

தெள்ளார் வட்டாரத்துப் பெற்றோருக்கு அவசரமாக ஒரு சேதி. உங்கள் பையனோ பெண்ணோ பள்ளி பேண்டு செட்டில் சேர்ந்திருந்தால், இன்று ராத்திரி படுப்பதற்கு முன் உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். கூகுள் பே, போன்பே இரண்டிலும் 'ஆட்டோபே' என்று ஓர் இடம் இருக்கும். அதில் நீங்கள் கேள்வியே படாத பெயர் ஏதாவது இருந்தால், முதலில் அதை ரத்து செய்யுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எதற்கு இந்தப் பதற்றம் என்கிறீர்களா? சுதந்திர தினம், குடியரசு தினம், விளையாட்டு விழா என்று வந்தால் பள்ளிக்கு பேண்டு வேண்டும். சைடு டிரம், பேஸ் டிரம், பியூகிள் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் வசதியான பள்ளியென்றால் டிரம்பெட், கிளாரினெட்டும் வந்துவிடும். சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. பேண்டு மாஸ்டர் என்று தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளப் பல பள்ளிகளுக்குக் கட்டாது. பி.இ.டி. சார்தான் அதையும் பார்க்கிறார். அவருக்குக் கபடி இருக்கிறது, கோ-கோ இருக்கிறது. "யூடியூப்ல பார்த்துக் கத்துக்கங்கப்பா" என்று அவர் சொல்லிவிட்டால், பிள்ளை வீட்டுக்கு வந்து கை நீட்டுவது அப்பாவின் போனுக்கு.

ஆரணிப் பட்டு நெசவை நம்பியிருக்கிற வீட்டில் அந்தப் போன் சாதாரணப் போன் இல்லை. சேலையை அறுத்துக் கொடுத்தபின் கூலி வந்து விழுவது அதில்தான், மகளிர் குழுத் தவணை கட்டுவதும் அதில்தான். கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அதன் மேலேயே பிள்ளையை உட்காரவைத்துச் சரளிவரிசை பழகச் சொல்கிறோம்.

இணையமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சரக்கும் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. மியூசிக்தியரி.நெட் என்ற தளத்தில் மேற்கத்திய இசைக்குறிப்பின் அரிச்சுவடியைக் காசு கொடுக்காமல் படிக்கலாம். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய இசைத்தாள்களை 2006 முதல் ஐஎம்எஸ்எல்பி நூலகம் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் பொறியும் இதே உடையில்தான் வருகிறது. மியூஸ்ஸ்கோர் என்று தேடிப் பாருங்கள். இசைத்தாள் எழுதுகிற மென்பொருள் முழுக்க இலவசம். அதே பெயரில் இருக்கும் இன்னொரு தளத்தில் பிறர் எழுதிய தாளை இறக்கிக்கொள்ளச் சந்தா கேட்பார்கள். சட்டப்படி தப்பில்லை. எட்டாம் வகுப்புப் பையனுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? "அதான் ஃப்ரீன்னு போட்டிருக்கே" என்று அமுக்கிவிடுவான்.

'ஏழு நாள் இலவசம், இப்போது ஒரு ரூபாய் மட்டும்' என்று வருகிறதே, அதுதான் இருப்பதிலேயே மோசம். அந்த ஒரு ரூபாய்க்கு நீங்கள் பின் நம்பர் போடும்போது, இனி மாதா மாதமோ வருடத்துக்கு ஒருமுறையோ எடுத்துக்கொள் என்ற அனுமதிக்கும் சேர்த்தே போடுகிறீர்கள். அதன்பிறகு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் பின் கேட்காமலேயே எடுக்கலாம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்லவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. தகவலும் வரத்தான் செய்கிறது, லோன் வேண்டுமா என்று கேட்கிற நாற்பது எஸ்எம்எஸ்களுக்கு நடுவில், ஆங்கிலத்தில். செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. ஆட்டோபேயிலும் ரத்து செய்ய வேண்டும், பிளே ஸ்டோரில் 'சந்தாக்கள்' பகுதியிலும் போய்ப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்ட ராஜா ஒருவர் இருக்கிறார், தெள்ளாறெறிந்த நந்திவர்மன். ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன். தெள்ளாற்றுப் போரில் ஜெயித்த அவர், நந்திக் கலம்பகத்தைக் கேட்டு முடித்தால் உயிர் போகும் என்று தெரிந்தும் உட்கார்ந்து கேட்டு மாண்டதாகக் கதை. அவருக்காவது முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தது. இந்தச் செயலிகள் எச்சரிக்கையைச் சாம்பல் நிற எழுத்தில், எறும்பு அளவில், பொத்தானுக்குக் கீழே ஒளித்து வைக்கின்றன. இப்படிச் சந்தாவில் சிக்கவைப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதலிலேயே தடை செய்திருக்கிறது. அதில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. ரத்து செய்ய விடாமல் இழுத்தடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அந்த வழிகாட்டுதலுக்கும் முன்பே, 2021 டிசம்பர் 23 அன்று, மத்திய கல்வி அமைச்சகம் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. இணையவழிக் கல்வி நிறுவனங்களுக்குத் தானாகப் பணம் எடுக்கும் வசதியைக் கொடுக்காதீர்கள், பிள்ளைகளின் படத்தையும் வீடியோவையும் பகிராதீர்கள் என்றது. அந்த அறிக்கை எத்தனை பெற்றோர் சந்திப்பில் வாசிக்கப்பட்டது என்று எந்தத் தலைமையாசிரியராவது சொன்னால் மகிழ்வேன்.

அடுத்த ஆபத்து ஏபிகே. 'இளையராஜா பாட்டு எல்லாவற்றுக்கும் நோட்ஸ், புரோ வெர்ஷன் ஃப்ரீ' என்று டெலிகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு கோப்பு வரும். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் செயலி அது. நிறுவும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். நோட்ஸ் காட்டுகிற செயலிக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு? ஓடிபி பார்க்கத்தான். 2024-இல் கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகேயைத் திறந்து நாடு முழுக்கப் பலர் பணத்தைத் தொலைத்தார்களே, அதே வேலைதான். பத்திரிகைக்குப் பதில் பாட்டு, அவ்வளவுதான்.

பெருமைக்கு விலை பேசுகிறவர்கள் தனி ரகம். "உங்கள் மகன் தேசிய அளவு பேண்டு போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறான், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று யாராவது பேசினால் போனை வையுங்கள். குடியரசு தின விழாவையொட்டி டெல்லியில் தேசியப் பள்ளி பேண்டு போட்டி நடப்பது உண்மை. அதற்குப் பள்ளியாகத்தான், மாநிலக் கல்வித்துறை வழியாகத்தான் போக முடியும். மாணவனின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வராது. உதவித்தொகை வந்திருக்கிறது என்று பேசி, க்யூஆர் கோடு அனுப்பி, தமிழ்நாட்டு மாணவர்களின் பெற்றோரிடம் இதே பாணியில் ஏற்கெனவே பறித்திருக்கிறார்கள். பணம் நமக்கு வருவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். இதை வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினாலும் தகும்.

அப்புறம் இந்த 'உலக சாதனை'. ஆயிரம் பிள்ளைகள் ஆன்லைனில் ஒரே நேரத்தில் கீபோர்டு வாசித்தால் சாதனையாம், ஆளுக்கு இவ்வளவு கட்டினால் பதக்கமும் சான்றிதழும் கூரியரில் வருமாம். சான்றிதழில் ஒரு உலக உருண்டைப் படம் நிச்சயம் இருக்கும். இதில் ஏமாறுவது படிக்காதவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே மேடை போட்டு, இசையமைப்பாளர் தேவா உட்படப் பல பிரபலங்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். பிறகுதான் எல்லாம் போலி என்று தெரிந்தது, பல்கலைக்கழகமே போலீசில் புகார் கொடுத்தது. இத்தனை ஆண்டு சினிமாவில் இருந்த ஒருவரையே மேடையேற்றி ஏமாற்ற முடிகிறதென்றால் நாம் எம்மாத்திரம்! டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்று கிரேடு பெயர் சொல்லிக் காசு கேட்டாலும் இதே சந்தேகம் இருக்கட்டும். அவை லண்டனைச் சேர்ந்த நிஜமான தேர்வு அமைப்புகள்தான். ஆனால் சான்றிதழ் கொடுப்பது அந்த அமைப்பு, டியூஷன் எடுப்பவர் அல்ல. பணம் கட்டுவதற்கு முன் தேர்வு மையத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். வாசிப்பே கெட்டுப்போகிறது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி-ஃபிளாட் வாத்தியங்கள். தாளில் ஸி என்று இருப்பதை ஊதினால் கீபோர்டில் பி-ஃபிளாட் கட்டையை அமுக்கிய ஒலிதான் வரும். ஆல்டோ சாக்ஸபோனில் அதே ஸி, ஈ-ஃபிளாட்டாக ஒலிக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாள்களில் ஏராளம் கீபோர்டுக்கு எழுதியவை. ஒரே தாளை மூன்று பிள்ளைகள் மூன்று வாத்தியத்துக்குப் பிரதியெடுத்துப் பழகிக்கொண்டு வந்து கொடியேற்றத்தன்று சேர்ந்து ஊதினால், கேட்பவர்கள் சல்யூட் அடித்த கையால் காதைப் பொத்த வேண்டிவரும். மூன்று பிள்ளைகளும் சரியாகத்தான் வாசித்திருப்பார்கள், பாவம். பியூகிள் கதை இன்னும் வேடிக்கை. அதில் பொத்தானே கிடையாது, உதட்டின் இறுக்கத்தில் நாலைந்து ஸ்வரம் வரும், அவ்வளவுதான். அதில் ஜன கண மன முழுதும் வாசிக்கக் கற்றுத்தருவதாக ஒரு வீடியோ வந்தால், அந்த ஆள் பியூகிளைத் தொட்டதில்லை என்று முடிவுகட்டலாம்.

தேசிய கீதத்துக்கு உள்துறை அமைச்சகத்தின் ஆணை இருக்கிறது. முழுதும் வாசிக்கச் சுமார் 52 விநாடி. பேண்டு வாசிக்கும்போது முதலில் டிரம் உருட்டு வரவேண்டும்: ஏழு அடி மெதுநடைக்குரிய நேரம், மெல்லத் தொடங்கி, உச்சத்துக்குப் போய், திரும்ப அடங்கி, ஒரு தட்டு இடைவெளி விட்டுக் கீதம். சினிமா பாணியில் இழுத்து, கிட்டார் சேர்த்து, ஒன்றரை நிமிடத்துக்கு வளர்த்த வீடியோவைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது எங்கே தெரியும்? தமிழ்த்தாய் வாழ்த்தும் அப்படித்தான். 2021 டிசம்பர் 17 அன்று அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, மோகன ராகம், திசிர நடை, 55 விநாடி என்று அளவைச் சொல்லிவிட்டது. இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்றும் சொன்னது. ரீமிக்ஸைக் கேட்டுப் பழகிய பிள்ளையைத் திருத்துவது, புதிதாகச் சொல்லித்தருவதைவிடக் கடினம். எந்தப் பாட்டு வாத்தியாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

காதையும் மறந்துவிடாதீர்கள். ஹெட்போனில் டிரம் பாடத்தை அலறவிட்டுக்கொண்டு நிஜ டிரம்மையும் அடிக்கிறான் பையன். பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவும் 75 டெசிபல் அளவுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. சைடு டிரம்முக்குப் பக்கத்தில் நின்றாலே அந்த அளவு எப்போதோ தாண்டியிருக்கும்.

இனி, எழுதவே கை கூசுகிற விஷயம். "ஆன்லைன் மாஸ்டர்" என்று ஒருவர் வருவார். இலவசமாகச் சொல்லித்தருகிறேன் என்பார். நோட்ஸ் குழுவிலிருந்து பிள்ளையைத் தனி அரட்டைக்கு இழுப்பார். மூச்சுப் பயிற்சி பார்க்கவேண்டும், வீடியோவை ஆன் செய், கதவைச் சாத்திக்கொள் என்பார். கதவைச் சாத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் வாத்தியார் இல்லை. வகுப்பு நடக்கிற போன் தறிக்கூடத்திலோ கூடத்திலோ, பெரியவர்கள் கண்ணெதிரில் இருக்கட்டும். தப்பாக ஏதாவது நடந்திருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், 2012-இன் போக்சோ சட்டம் இணையத்துக்கும் பொருந்தும். ஊர் என்ன சொல்லும் என்று மூடி மறைத்தால் அந்த ஆள் அடுத்த பிள்ளையிடம் போவான்.

சரி, எங்கேதான் கற்பது? திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்பு. டிரம்பெட் கிடையாது, தெள்ளாரிலிருந்து தினமும் போய்வரும் தூரமும் இல்லை. இருந்தும் இசையையே படிப்பாக எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்திருப்பது தெரிய வேண்டும். உலக உருண்டைச் சான்றிதழுக்குப் பதில் அரசு முத்திரை வேண்டுமானால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இந்திய இசைக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. கைத்தறி நெசவுக்கும் அதே தேர்வில் இடம் உண்டு என்பது நம் பக்கத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. டிரம்பெட், கிளாரினெட்டுக்கு நான் சொல்வது வேறு வழி. வந்தவாசி, ஆரணிப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கு ஊதுகிற பேண்டு செட்காரரைப் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் அழையுங்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவருக்கும் வேலை இருக்காது. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் போதும். பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு செயலிக்குக் கட்டுகிற சந்தாவைவிட அது குறைவாகத்தான் இருக்கும், உதட்டை எப்படி வைக்கவேண்டும் என்று நேரில் பார்த்துத் திருத்தவும் செய்வார்.

அதுவரை பிள்ளைக்குப் போன் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், வங்கிக் கணக்கு இணைக்காத பழைய போனைக் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால் பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தெரியும் என்றால் இன்றே மாற்றுங்கள். தெரியாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கேட்டுப் பாருங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். விடிந்ததும் பார்க்கலாம், முதலில் பேங்குக்குப் போய்க் கேட்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. எந்த நேரத்தில் எவ்வளவு போனது, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள், அதைச் சரியாகச் சொல்ல உங்கள் பிள்ளையின் உதவி உங்களுக்குத் தேவைப்படும். ஆகவே அடிக்கவோ திட்டவோ வேண்டுமென்றால் அதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.