‘டீஸ்’ என்னும் வினைச்சொல்

மாரண்டஅள்ளியிலிருந்து பாலக்கோட்டிற்கு நாள்தோறும் பேருந்தில் வருபவள் நான். சென்ற ஆண்டு ஒருநாள், பின்னிருக்கையில் இருந்தவன் என் சடை நுனியை இருக்கைக் கம்பியில் முடிந்துவிட்டான். எழுந்தபோது தலை வெடுக்கென்று பின்னுக்கு இழுபட, கண்ணில் நீர் வந்துவிட்டது. “சும்மா டீஸ் பண்ணோம், இதுக்குப் போயி அழுவறியே!” என்றான். அச்சொல்லுக்கு என்னதான் பொருள் என்று அன்றே நம் கல்லூரி நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன்.

வியப்பான செய்தி கிடைத்தது. பழைய ஆங்கிலத்தில் இவ்வினைக்குக் கம்பளி இழைகளைப் பிய்த்துப் பிரித்தல் என்பதே பொருளாம். கம்பளித் துணியைச் சீவப் பயன்பட்ட ‘டீசில்’ என்ற முட்செடியின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். மனிதரைத் தொல்லைப்படுத்துதல் என்ற பொருள் பின்னர் வந்து ஏறியது. “ஏண்டா என் உயிரைப் பிடுங்கறே?” என்று நம் வீடுகளில் தாய்மார் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில்லையா? அதே வழிதான். (என் சடைக்கோ முதற்பொருளே பொருந்திற்று!)

இன்று இது செயப்படுபொருள் குன்றா வினை. ‘அக்காள் தம்பியைப் புதுச்சட்டை பற்றி டீஸ் செய்தாள்’ எனலாம். அங்கே உரிமை உண்டு. தம்பி சிரிக்கலாம், திருப்பியும் கேலி பேசலாம். முன்பின் அறியாதவளைப் பின்தொடர்வதும் உரசுவதும் இதில் அடங்குமா? அதற்கு ‘ஹராஸ்’ என்ற வேறு வினை ஆங்கிலத்தில் இருக்கவே இருக்கிறது.

நம் நாட்டிலோ ‘ஈவ் டீசிங்’ என்றொரு தொடரைப் படைத்துக்கொண்டோம். ஏவாள் பெயர் முன்னே நிற்கிறது. செய்பவன் அதில் எங்குமே இல்லை! 1998 ஜூலையில் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் இத்தகைய ‘விளையாட்டால்’ கீழே விழுந்து உயிரிழந்தார். அவ்வாண்டே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் பிறந்தது. அதன் பெயரிலும் ‘ஈவ் டீசிங்’ என்றே இருந்தது. 2002இல் திருத்தம் வந்த பிறகே அச்சொல் போய், ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்ற பொருளில் ‘ஹராஸ்மென்ட்’ ஏறியது.

மறுவாரம் அவன் மீண்டும் ஏதோ சீண்டினான். “இதுக்குப் பேரு டீசிங் இல்லை, ஹராஸ்மென்ட். சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கு” என்றேன், பேருந்தே கேட்கும்படி. நடத்துநர் அவனை எழுப்பிப் பின்படிக்கட்டுப் பக்கம் அனுப்பினார். ஆனாலும் இன்றுவரை சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன்.