பழைய வேக்குவம் கிளீனர் வாங்கப் போறீங்களா?

ரூம்ல நாலு பேர் காசு போட்டு, சக்கரம் வச்ச பழைய வேக்குவம் கிளீனர் ஒண்ணு வாங்கலாம்னு யோசிக்கிறீங்களா? "ஒரு தடவை ஆன் பண்ணிக் காட்டுறேன்"னு விக்கிறவர் சொன்னா ஒத்துக்காதீங்க. அஞ்சு நிமிஷமாவது ஓட விடுங்க.

ஓடும்போதே ஹோஸ் முனையை உள்ளங்கையால் மூடுங்க. கையை இழுத்துப் பிடிக்கணும், மோட்டார் சத்தமும் கீச்சென்று ஏறணும். காற்று வராதபோது உள்ளே இருக்கும் விசிறிக்கு வேலை குறைகிறது, அதனால்தான் அந்த வேகம். சத்தம் மாறவே இல்லையா? ஹோஸைக் கழற்றிவிட்டு, அது மாட்டும் துளையை மூடிப் பாருங்க. அங்கே இழுவை நல்லா இருந்தா கோளாறு ஹோஸில்தான், விரிசலோ அடைப்போ இருக்கும். மிஷினை வாங்கலாம், ஆனா விலையைக் குறைச்சுக் கேளுங்க! கருகின வாசனை வந்தால் மட்டும் பேசாம திரும்பி வந்துடுங்க.

வாங்கின பிறகு ஒரு விஷயம் முக்கியம். பெரும்பாலான மாடல்களில் உள்ளே இழுக்கும் காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. பை நிறைந்து ஃபில்டரும் அடைத்தால் மோட்டார் சூடேறும். எங்க ரூம் மிஷின் அப்படித்தான் செத்தது. சுவரில் டிரில் போட்ட சிமெண்ட் தூளை இழுத்தோம், ஃபில்டரைத் தட்டக்கூட இல்லை. நாலாவது நாள் புகை.

கழுவக்கூடிய ஃபில்டர்னா கழுவுங்க, ஆனா ஒரு நாள் முழுக்கக் காயாம மாட்டாதீங்க. ஈரத்துக்கும் ஏற்ற மாடல் இல்லைன்னா, கொட்டின டீயை அதால் இழுக்கவே கூடாது. அதுக்கு மாப் இருக்கு.